பத்து வருஷத்துக்கு முந்தைய எட்டு மணி

கோயமுத்தூர் பீளமேட்டில், மூடிப்போன நூல் மில்லின் பின்சுவரை ஒட்டி ஓடும் மில் வீதியில், கீழே பேக்கரியும் நடுவில் கட்டட வரைபட ஆபீசும் மேலே பூட்டிய கதவுமாக நிற்கிற கட்டடத்தில், மேல்மாடி ஆட்கள் எல்லோரும் காலி செய்துகொண்டு போய் ஆறு வருஷம் ஆன பிறகு, ஒரு சித்திரை முதல் நாள் காலையில் மேசை இழுக்கிற சத்தம் கேட்டது. பிளக் பாயின்ட் எங்கே என்று ஒருவன் கேட்டான், இன்னொருவன் சிரித்தான், தேங்காய் ஒன்று உடைந்தது. பேக்கரிக்காரர் சின்னராஜ் சாவியை எடுத்துக்கொண்டு மேலே போனார். உள்ளே தூசியும் சுவரில் ஆணி பிடுங்கிய ஓட்டைகளும் ஜன்னலோரம் புறா எச்சமும்தான் கிடந்தன, ஆள் யாரும் இல்லை, ஆனால் அறை முழுக்கப் பேச்சு நிறைந்திருந்தது. நடுவில் நின்று கொஞ்ச நேரம் கேட்ட பிறகு தேங்காய் உடைத்தது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரேதான். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே தேதியில் 'நேரமாச்சு' கம்பெனியின் பூஜைக்கு வந்து உடைத்துக் கொடுத்திருந்தார். "நல்லா வருவீங்க தம்பி" என்று தன் குரலே சொல்வதைக் கேட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கீழே வந்து, தட்டில் பப்ஸ் அடுக்கத் தொடங்கினார்.

அன்றிலிருந்து அந்தக் கம்பெனியின் ஒவ்வொரு நாளும், பத்து வருஷம் தள்ளி, அதே தேதியில் சத்தமாக மட்டும் திரும்பி வந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் கோகிலவாணிக்கு மூன்றரை வருஷம் வரைக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள்தான், ஏனென்றால் ஊரில் எந்த மாடியில் எந்தக் கம்பெனி முளைத்தாலும் முதலில் போய் நிற்கிற பத்திரிகைக்காரி ஒரு காலத்தில் அவள்தான். ஆனால் மில் வீதிப் பக்கம் அவள் வண்டியைத் திருப்பியே பத்து வருஷம் ஆகப் போகிறது. அப்படியிருக்க, ஓர் ஐப்பசி மத்தியானம், வீட்டில் உட்கார்ந்து ஏதோ ஒரு மென்பொருள் கம்பெனியின் இணையதளத்துக்கு விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், நான் மில் வீதி பேக்கரி சின்னராஜ் பேசறனுங்க. ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்குங்க. தேங்காய் பன் கொடுப்பீங்களே."

"ஆமாங்க. அடுத்த மாசம் பதிமூணாம் தேதி உங்க நாளுங்க. அவங்கவங்க நாள் வர்றதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் சொல்லிருவோம். அதான் கூப்பிட்டேன்."

"என்னோட நாளுன்னா?"

"நீங்க மேல வந்து அந்தக் கேள்விய கேட்ட நாளுங்க."

எந்தக் கேள்வி என்று அவள் திருப்பிக் கேட்கவில்லை. எழுந்து போய் ஜன்னலை மூடினாள், பிறகு திறந்தாள். சின்னராஜ் அரை மணி நேரம் பேசினார். மழை எப்போது பெய்தது, எவ்வளவு பெய்தது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

'நேரமாச்சு' என்பது மாத்திரை ஞாபகப்படுத்துகிற கம்பெனி. பிள்ளைகள் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இங்கே தனியாகக் கிடக்கிற வயதானவர்களுக்குக் காலை எட்டு மணிக்கும் மத்தியானம் ஒரு மணிக்கும் போன் செய்து, மாத்திரை போட்டாச்சுங்களா என்று கேட்பார்கள். நந்தகோபால் என்ற இருபத்தைந்து வயதுப் பையன் தொடங்கியது. இருபத்திரண்டு பெண்கள் போன் பேசினார்கள். அவர்களுக்குத் தலைவி ஜெசிந்தா, ஜன்னலோரம் உட்கார்ந்து தொண்டையைத் திறந்து பேசுகிறவள்.

சத்தம் வரத் தொடங்கிய அடுத்த மாதமே கொரோனா இரண்டாம் அலை ஊரடங்கு வந்தது. ஊரே கதவடைத்துக் கிடக்க மேல்மாடியில் மட்டும் ஆபீஸ் நடந்தது. போலீஸ்காரர் இரண்டு பேர் வந்து, இத்தனை பேரை வைத்து வேலை வாங்குகிறீர்களே என்று சின்னராஜைக் கேட்டார்கள். அவர் சாவியைக் கொடுத்தார். மேலே போன இருவரும் பத்து நிமிஷம் கழித்து இறங்கி வந்து, எல்லோரும் முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வீதியில் இருந்தவர்கள் பெரும்பாலும் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். ஊரடங்கில் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குள் கிடந்தவர்களுக்கு, தினமும் காலை எட்டு மணிக்கு மேலேயிருந்து ஒரு பெண் "மாத்திரை போட்டாச்சுங்களா?" என்று கேட்டது நன்றாக இருந்தது. முதலில் ஒருவர் வாசலில் நின்று பதில் சொன்னார். பிறகு வீதி முழுக்க ஜெசிந்தா குரலுக்கு மாத்திரை போட ஆரம்பித்தது. முன்பு மில் சங்குக்கு எழுந்து பழகிய உடம்புகள், ஆகவே இதில் யாருக்கும் அதிசயம் ஒன்றும் படவில்லை.

கிழமை ஒத்துவராததுதான் கொஞ்ச நாள் குழப்பியது. அன்றைய ஞாயிறு இன்றைக்குச் சனிக்கிழமையில் விழும், சனிக்கிழமை வீதி அமைதியாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை அமளிப்படும். தீபாவளி ஒன்பது நாள் முன்னதாகவே மேல்மாடியில் வந்துவிட்டது. அவர்கள் வாழ்த்துச் சொல்லிக்கொள்வதைக் கேட்டபடி சும்மா இருக்க மனசு வராமல் வீதிக்காரர்கள் அதற்கொரு தடவையும் காலண்டருக்கு ஒரு தடவையுமாக இரண்டு முறை அதிரசம் சுட்டார்கள். நடுமாடி வரைபட ஆபீஸ்காரர்கள், மேலே பிறந்தநாள் பாட்டுக் கேட்டால் பேனாவை வைத்துவிட்டுக் கை தட்டினார்கள். லீப் வருஷத்து பிப்ரவரி இருபத்தொன்பது மட்டும் வர இடமில்லாமல் எங்கோ போய்விட்டது. அன்று யார் என்ன பேசினார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை, என்றாலும் அந்த ஒரு நாளைப் பற்றி வீதியில் வெகுநாள் வருத்தம் இருந்தது.

பிறகு, அங்கே வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து, பேக்கரிச் சுவரில் சின்னராஜ் தொங்கவிட்டிருந்த காலண்டரில் தங்கள் நாளைப் பார்த்து, மேலே போய் வெறுந்தரையில் உட்கார்ந்து, இருபத்திரண்டு வயதில் தாங்கள் சிரித்த சிரிப்பைக் கேட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டி வந்தவர்களும் உண்டு. வராதவள் ஜெசிந்தா ஒருத்திதான். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் இருக்கிறாள். கூப்பிட்டதற்கு, என் குரலை நான் தினமும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறேன் என்று சிரித்தாளாம்.

போனை வைத்த பிறகு கோகிலவாணி வேலையைத் தொடரவில்லை.

அவள் 'வணிகச் சாளரம்' வாரப் பத்திரிகையில் பதினான்கு வருஷம் இருந்தவள். அந்த நாட்களில் ஊரில் புதுக் கம்பெனிகள் பேக்கரிக்கு மேலும், மெக்கானிக் கடைக்கு மேலும், கல்யாண மண்டபத்தின் பின்னறையிலுமாக முளைத்துக்கொண்டிருந்தன. போர்டு மாட்டாத, விசிட்டிங் கார்டு அச்சடிக்காத, நாற்காலி பற்றாமல் ஆளுக்கொரு படிக்கட்டில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிற கம்பெனிகள். அவள் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஏறிப் போவாள். அவர்கள் வெள்ளைப் பலகையில் கட்டம் போட்டு உலகம் எப்படி மாறப் போகிறது என்று காட்டுவார்கள், அவளும் நம்புவாள். அவர்களுடைய வார்த்தைகளுக்குத் தமிழ் தேடி உதவி ஆசிரியரோடு சண்டை போடுவாள். வெள்ளிக்கிழமை அச்சாகி வந்த இதழின் மை விரலில் ஒட்டும். சனிக்கிழமை காலை அந்தப் பையன்களின் அம்மாக்கள் போன் செய்து, எங்கள் பையன் உருப்படியாகத்தான் ஏதோ செய்கிறானா என்று கேட்பார்கள். 'நேரமாச்சு' பற்றி முதல் கட்டுரை எழுதியவளும் அவள்தான். அதைப் படித்துத்தான் சென்னை முதலீட்டாளர்கள் வந்தார்கள்.

மூன்றரை வருஷம் கழித்து அதே கம்பெனியிலிருந்து விலகிய ஒருவர் அவளிடம் ஒரு பட்டியலைக் கொடுத்தார். கம்பெனி முதலீட்டாளர்களிடம் காட்டுகிற நாலாயிரம் சந்தாதாரர்களின் பட்டியல். அதில் முப்பது பேருக்கு அவள் போன் செய்தாள். பதினொரு வீட்டில், அவங்க இல்லீங்க, தவறிட்டாங்க என்று பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போய் நந்தகோபாலின் முகத்துக்கு நேராக ஒரு கேள்வி கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லவில்லை என்றே எழுதினாள். இரண்டரை மாதத்தில் கம்பெனி மூடப்பட்டது. கட்டுரைக்குச் சென்னையில் ஒரு கேடயம் கொடுத்தார்கள். எழுதியது அத்தனையும் உண்மை, அதில் அவளுக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் தான் படியிறங்கிய பிறகு அந்த அறையில் என்ன பேசியிருப்பார்கள் என்று பத்து வருஷமாக, வண்டி ஓட்டும்போதும் பாத்திரம் கழுவும்போதும், அவள் தானாகவே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பேச்சிலும் அவர்கள் அவளைத் திட்டினார்கள்.

நவம்பர் பதிமூன்று அன்று மழை பிடித்துக்கொண்டது. பேக்கரியில் சின்னராஜ் டீ கொடுத்தார். மாரப்பன் என்கிற மில்காரப் பெரியவர் குடையோடு வந்து அவளை உற்றுப் பார்த்தார்.

"நீங்கதானுங்களா அந்தப் பத்திரிகைக்கார அம்மிணி?"

"ஆமாங்க."

"நீங்க வந்து போயி ரெண்டரை மாசத்துல கம்பெனி மூடிருச்சுன்னு சின்னராஜ் சொன்னான். அப்ப தை மாசத்தோட இந்தச் சத்தமும் நின்னுருமுங்க. எங்க வீதிக்கு அப்புறம் யாரு இருக்கா?" அவர் குடையை மடக்கி உதறினார். "இந்தத் தடவையாச்சும் அந்தக் கேள்வியக் கேக்காம இருக்க முடியாதுங்களா?"

"அது நான் இல்லீங்களே. பத்து வருஷத்துக்கு முந்தின சத்தம்."

"அதுஞ் சரிதான்" என்றார் மாரப்பன், வருத்தமாக.

மேலே போனபோது ஜன்னலுக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு நந்தகோபால் உட்கார்ந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. இப்போது ஒரு பொறியியல் கல்லூரியில் வாத்தியார். எழுந்து நின்று, "வாங்க மேடம்" என்று சொல்லி, தரையில் விரித்திருந்த செய்தித்தாளைப் பாதி அவளுக்குத் தள்ளி வைத்தான். மாரப்பனும் சின்னராஜும் கதவோரம் நின்றார்கள்.

பதினொன்றே காலுக்குப் படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அது தன் செருப்பு என்று கோகிலவாணிக்குத் தெரிந்தது. நாற்காலி இழுபட்டது. முப்பத்தாறு வயதுக் கோகிலவாணி மழையைப் பற்றி ஏதோ சொன்னாள், டீ வேண்டாம் என்றாள், காகிதத்தைப் பிரித்தாள். பிறகு, தெளிவாக, கொஞ்சமும் நடுங்காமல் கேட்டாள்: "இந்த நாலாயிரம் பேர்ல எத்தனை பேர் உயிரோட இருக்காங்க?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் அவளுக்கு இப்போதுதான் கேட்டது. வேட்டையில் இரை சிக்கிய சந்தோஷம். தலையைக் குனிந்துகொண்டாள்.

வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு நாற்காலி நகர்ந்தது, செருப்பு இறங்கிப் போனது. இனி வரப்போவது அவள் கேட்காதது.

"ஜெசிந்தா" என்றது பழைய நந்தகோபாலின் குரல். "இறந்தவங்க பேரை எல்லாம் லிஸ்ட்ல இருந்து எடுத்துரு."

"எடுத்தா அந்த வீட்டுக்கெல்லாம் யார் சார் போன் பண்ணுவா?"

"அவங்க பசங்கதான் எப்பவோ நிறுத்தச் சொல்லிட்டாங்களே."

"பசங்க சொல்லுவாங்க. அன்னூர் வேலாத்தாம்மா போய் எட்டு மாசமாச்சு. அவங்க பையன் முதல் வாரமே சொல்லிட்டாரு. ஆனா நான் கூப்பிட்டு, வேலாத்தாம்மா மாத்திரை போட்டாச்சுங்களான்னு கேட்டா, அவங்க வீட்டுக்காரர் எடுத்து, போட்டாச்சு கண்ணும்பாரு. தெரிஞ்ச மாதிரி நான் காட்டிக்கறதில்ல. இப்ப என்னன்னு தெரியல, நாலு நாளா எடுக்க மாட்டேங்கறாரு."

"போன் பண்றது தப்பில்ல ஜெசிந்தா. நீ பண்ணு. ஆனா அந்தப் பேரையெல்லாம் எண்ணிக்கைல சேர்த்துக் காட்டினது நான். அந்த மேடம் கேட்டது சரியான கேள்விதான்." பிறகு, "எல்லாத்துக்கும் சொல்லிரு, வேற வேலை பாத்துக்கட்டும். தெரிஞ்ச இடத்துல நானும் சொல்றேன்" என்றது குரல்.

பிறகு எப்போதும் போல ஒரு மணிப் போன்கள் தொடங்கிவிட்டன.

"நாலு நாள்" என்றாள் கோகிலவாணி. "அப்ப அந்த வீட்டுக்கு நான் போன் பண்ணி நாலு நாள் ஆகியிருந்துச்சு."

நந்தகோபால் பக்கம் திரும்பினாள்.

"இதை ஏன் அன்னிக்கு என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?"

"எழுதியிருப்பேன். உங்க தப்பையும் எழுதியிருப்பேன், இதையும் எழுதியிருப்பேன்."

"அதான் மேடம். எழுதியிருந்தா அந்த மனுஷங்க படிச்சிருப்பாங்க. நமக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அது பாதி காரணம். மீதி பயம். நல்லவன் மாதிரி முழுசாச் சொல்லிக்க முடியாது." பிறகு திரும்பி, "இப்ப எழுதுவீங்களா?" என்று கேட்டான்.

"எங்க எழுதறது? பத்திரிகையே மூடி அஞ்சு வருஷமாச்சு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுப் பரணில் பழைய குறிப்பேடுகளைத் தேடி அந்த அன்னூர் அம்மாவின் பெயர் இருந்த பக்கத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. வேலாத்தாள், வயது எழுபது, அன்னூர் தாண்டித் தோட்டத்து வீடு. பெயருக்குப் பக்கத்தில் கோகிலவாணியின் கையெழுத்தில், சிவப்பு மையில், 'இல்லை' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தது. எண் செயலில் இல்லை. போகலாமா வேண்டாமா என்று மார்கழி முடிகிற வரைக்கும் யோசித்துவிட்டு, ஒரு காலையில் ஸ்கூட்டரை எடுத்தாள்.

வேலாத்தாளின் கணவர் நாச்சிமுத்து களத்து மேட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எண்பத்து நாலு வயது. காது நன்றாகக் கேட்டது. பக்கத்துத் தோட்டத்தில் மகள் இருக்கிறாள், சோறு அங்கிருந்து வருகிறது என்றார். கோகிலவாணி தான் யார், எப்போது போன் செய்தாள் என்று சொன்னாள்.

"பத்திரிகைங்களா?" என்றார் அவர். "நான் கம்பெனியிலிருந்துன்னு நெனச்சேன் அம்மிணி."

"கம்பெனின்னு நெனச்சு?"

"வேலாத்தா போன பத்தாம் நாளு அந்தப் பொண்ணு கூப்பிட்டு, மாத்திரை போட்டாச்சுங்களான்னுச்சு. இல்லீன்னு சொல்ல வாய் வரல. போட்டாச்சு கண்ணுன்னுட்டேன். மறுநாளும் அப்படியே ஆயிருச்சு. எட்டு மாசம். அப்புறம் ஒருநாளு வேற பொம்பள கூப்பிட்டு, அவங்க உசுரோட இருக்காங்களான்னு கேட்டுச்சு. சரி, கம்பெனில கண்டுபுடிச்சுட்டாங்க, அந்தப் புள்ளைய இத்தன நாளு ஏமாத்திப்போட்டேனேன்னு வெக்கமாப் போச்சு. அப்புறம் எடுக்கல. தெனமும் அடிக்கும். இதே கட்டல்ல உக்காந்து கேட்டுட்டே இருப்பேன்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியுங்க."

"எது தெரியும்?"

"வேலாத்தாம்மா இல்லைங்கறது. உங்க பையன் முதல் வாரமே சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் உங்களைக் கூப்பிட்டுட்டு இருந்துச்சு."

நாச்சிமுத்து கையிலிருந்த கடலையை உரிக்காமல் முறத்தில் போட்டார். எதிரே வாழைத் தோப்பைப் பார்த்தபடி இருந்தார். "தெரிஞ்சேவா" என்றார்.

"அது உங்களை இன்னும் கூப்பிட்டுட்டுதாங்க இருக்குது" என்றாள் கோகிலவாணி, மேல்மாடியைப் பற்றிச் சொன்னாள். அவர் இதற்கு ஆச்சரியப்படவில்லை. எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

ஜனவரி முப்பத்தொன்று, கடைசி நாள். கோகிலவாணி வாடகைக் காரில் அவரைக் கூட்டி வந்தபோது மில் வீதியில் நிற்க இடமில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வரைபட ஆபீஸ் லீவு விட்டிருந்தது. பெரியவர்கள் எல்லோரும் கையில் மாத்திரையும் டம்ளருமாக வாசலுக்கு வந்து நின்றார்கள். நாளையிலிருந்து என்ன செய்வது என்று பேச்சு நடந்தது. எட்டு மணிக்குப் பேக்கரி மணியைத் தான் அடிப்பதாகச் சின்னராஜ் சொன்னார், மாரப்பன் அதற்கு அரை மனதாகத் தலையசைத்தார். எட்டு மணி ஆனதும் ஜெசிந்தாவின் குரல் மேலேயிருந்து வந்தது. வீதி அண்ணாந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டது.

நாச்சிமுத்துவை நந்தகோபால் கைத்தாங்கலாகப் படியேற்றி, நாற்காலி போட்டு உட்கார வைத்தான். ஜெசிந்தா ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள். இன்றோடு கடைசிங்க, உடம்பைப் பார்த்துக்கோங்க என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். நடுவில் ஒரு எண்ணை அமுக்கினாள். மறுமுனையில் மணி அடிப்பது மெல்லக் கேட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. நாச்சிமுத்து நாற்காலிக் கையைப் பிடித்தபடி முன்னால் சாய்ந்தார்.

"அன்னூர் இன்னிக்கும் எடுக்கல" என்று யாரிடமோ சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனாள் ஜெசிந்தா.

நாச்சிமுத்து அப்புறமும் எழுந்திருக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டை மேலேயே கொண்டு வந்து கொடுத்தார்கள். வந்திருந்தவர்கள் நாலு மணிக்குத் தங்கள் பேச்சை நிறுத்தினார்கள். தரையில் அமர்ந்திருந்தவர்கள் தங்கள் குரல்கள் ஒவ்வொன்றாக விடைபெறுவதைக் கேட்டு மூக்கை உறிஞ்சினார்கள். சுவிட்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவு சாத்திப் பூட்டு விழுந்தது. அதன் பிறகு அந்த அறையில் வீதியின் சத்தம்தான் இருந்தது, ஒரு பஸ் ஹாரன், பேக்கரியில் தட்டு வைக்கிற ஓசை.

ஆட்கள் மெல்ல இறங்கிப் போனார்கள். கோகிலவாணி பெரியவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "போலாங்களா?" என்றாள்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குது அம்மிணி?"

"திருப்பூர்லங்க."

"நம்பர் இருக்குதுங்களா?"

நந்தகோபால் எண்ணைச் சொல்ல, கோகிலவாணி தன் போனில் அழுத்தி, அவர் காதில் வைத்துப் பிடித்தாள். இரண்டு முறை மணி அடித்தது. பனியன் மெஷின்கள் ஓடுகிற இரைச்சலுக்கு நடுவில், மேல்மாடியில் கேட்டதைவிடக் கொஞ்சம் தடித்துப்போன அதே குரல், "ஹலோ, யாருங்க?" என்றது.

நாச்சிமுத்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"நான் வேலாத்தா வூட்லிருந்து பேசறன் கண்ணு" என்றார்.